மாட்டுச் சுழியும் அடங்கிக் கிடக்கும் எழுத்தும்

(காங்கயத்தை அடுத்த ஒரு கிராமத்தில், ஆடு மாடு வளர்க்கும் தோழர்கள் கூடிய கூட்டத்தில் பேசியது)



என்னை இன்று மாட்டைப்பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். காங்கயம் சீமையில் வந்து மாட்டைப்பற்றிப் பேசுவதென்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். நான் கால்நடை வைத்தியனல்ல. காளை வளர்த்துப் பெயர் எடுத்தவனுமல்ல. ஆனால், மாட்டின் தோலுக்கு உள்ளே நடக்கும் காரியங்களைப்பற்றி உலகத்தில் பல தேசத்தார் கண்டறிந்து எழுதியிருப்பவைகளில் சிலவற்றைப் படித்திருக்கிறேன். அவற்றை உங்களுக்கு எட்டும்படி சொல்லிப் பார்க்கிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக ஒன்றையும் நம்பிவிட வேண்டாம். நாளைக் காலையில் உங்கள் கட்டுத்தறியில் நிற்கும் மாட்டோடு ஒத்துப் பார்த்து, சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

முதலில் சுழி விஷயத்தை எடுத்துக்கொள்ளுகிறேன். கண்ணபுரம் மாட்டுத் தாவணிக்கோ, அந்தியூர் குருநாதசாமி பண்டிகைச் சந்தைக்கோ போகாதவர்கள் இங்கே ஒருவரும் இருக்க மாட்டீர்கள். அங்கே ஒருவர் மாட்டைப் பிடித்துப் பார்க்கும்போது என்ன பார்க்கிறார்? பல் பார்க்கிறார், குளம்பு பார்க்கிறார், திமில், நடை, வால் பார்க்கிறார். இவையெல்லாம் நியாயம். பிறகு தோளிலிருந்து வால் வரைக்கும் மயிரைத் தடவித் தடவிச் சுழி தேடுகிறார். முதுகின்மேல் பூரான்போல் ஓடும் சுழியின் தலை முன்னோக்கி இருந்தால் அது ஏறுபூரான், குடும்பம் ஏறும். அதே பூரான் திரும்பிப் படுத்திருந்தால் இறங்குபூரான், குடும்பம் இறங்கும். காலில் இருந்தால் விலங்குச் சுழி, வாங்கியவன் ஜெயிலுக்குப் போவான். வாலுக்குப் பக்கத்தில் இருந்தால் துடைப்பச் சுழி, வீட்டைத் துடைத்துவிடும். பாடைச் சுழியைப்பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை.

தரகர் துண்டைப் போட்டுக் கையை மூடி விரலைப் பிடித்து விலை பேசும்போது, "ஏனுங்க, இறங்குபூரான் கெடக்குதுங்களே" என்று காதோடு ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று விரல் மடங்கிவிடும். இப்படி மடங்குகிற விரலுக்குள் எத்தனை குடும்பத்தின் ஒரு வருஷத்துத் தீனிச் செலவு போயிருக்கிறது என்று யாராவது கணக்குப் பார்த்ததுண்டா?

என் வீட்டுச் சங்கதியையே சொல்லுகிறேன். எங்கள் அப்பாரு ஒரு மயிலைக் காளைக் கன்றை ஆசையாக வளர்த்தார். இரண்டு பல் போட்டிருந்தது. உழவுக்குப் பழக்கும் சமயத்தில் உறவினர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, முதுகில் இரண்டு பக்கமும் சுழி இருக்கிறது, இது பாடைச் சுழி, வீட்டில் பிணம் விழும் என்று சொல்லிவிட்டார். அன்றிரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை. அடுத்த சந்தையிலேயே பாதி விலைக்கும் குறைவாக அந்தக் கன்று போய்விட்டது. வாங்கியவர் எங்கள் தோட்டத்துக்கு இரண்டு வேலி தள்ளிப் பண்ணையம் செய்துகொண்டிருந்தவர். நல்ல சுழி உள்ள மாட்டை வாங்கப் பணமில்லாதவர். அவர் வீட்டில் அந்த மாடு பதினொரு வருஷம் உழுதது, ஏற்றம் இறைத்தது, வண்டி இழுத்தது. ஒரு பிணமும் விழவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில், மாட்டை விற்ற நான்காம் மாதம், அப்பாருவின் தம்பி காய்ச்சலில் செத்துப்போனார். மாடு கையில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்! சுழி பலித்தது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லியிருப்பார்கள். மாடு இல்லாதபோதும் அவர்கள் விடவில்லை. "அத்தனை நாள் கட்டியிருந்த தோஷம்" என்றார்கள். மாடு இருந்தாலும் பலிக்கும், போனாலும் பலிக்கும் என்றால், அப்படிப்பட்ட சாஸ்திரத்தைத் தோற்கடிக்க யாரால் முடியும்?

நிற்க. சுழியை நம்புகிறவர்களிடம் காரணம் கேட்டால், "அது பிறவியிலேயே எழுதியிருக்கிறது" என்று சமாதானம் சொல்லுகிறார்கள். சரி. பிறவியில் உண்மையாகவே ஏதோ எழுதியிருக்கிறது என்பதை நானும் ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் அது எங்கே எழுதியிருக்கிறது, என்ன பாஷையில் எழுதியிருக்கிறது, யார் எப்படிப் படிக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிடுவோம்.

மாட்டின் உடம்பு கண்ணுக்குத் தெரியாத செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்கு உள்ளேயும் டி.என்.ஏ. என்ற ஓர் இழை இருக்கிறது. ஒரு செல்லில் உள்ளதை முழுவதும் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய ஆறடி வரும். அதில் நான்கே நான்கு எழுத்துக்கள் மாறி மாறி வருகின்றன. மாட்டின் இழையில் உள்ள எழுத்துக்களை வரிசையாகப் படித்து 2009-ல் வெளியிட்டார்கள். தாயிடமிருந்து ஒரு படி, தகப்பனிடமிருந்து ஒரு படி. ஒரு படிக்குச் சுமார் 270 கோடி எழுத்து. அதற்குள் சுமார் 22,000 ஜீன்கள், அதாவது மரபணுக்கள். ஒவ்வொரு ஜீனும் ஏதோ ஒரு புரதம் செய்வதற்கான குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொம்புக்கு வேண்டிய சரக்கு, பாலுக்கு வேண்டிய சரக்கு, மயிருக்கு வேண்டிய சரக்கு எல்லாவற்றுக்கும் குறிப்பு அங்கே இருக்கிறது.

இங்கேதான் ஒரு ஆச்சரியம். கொம்பில் உள்ள செல்லிலும், மடியில் உள்ள செல்லிலும், கண்ணில் உள்ள செல்லிலும் இருப்பது ஒரே புத்தகம்தான். கொம்புக்கு ஒரு புத்தகம், மடிக்கு ஒரு புத்தகம் என்று தனித்தனியாக இல்லை. இதை ஒரு பேச்சுக்காகச் சொல்லவில்லை. ஸ்காட்லாந்து தேசத்தில் எடின்பரோவுக்குப் பக்கத்திலுள்ள ராஸ்லின் ஆராய்ச்சி நிலையத்தில், ஆறு வயதுப் பெட்டையாடு ஒன்றின் மடியிலிருந்து எடுத்த செல்லைக்கொண்டு 1996 ஜூலையில் ஒரு முழு ஆட்டுக்குட்டியை உண்டாக்கினார்கள். அதற்கு டாலி என்று பேர். 277 தடவை முயன்றதில் பிழைத்துப் பிறந்தது அது ஒன்றுதான். நம் தேசத்திலும் கர்னாலிலுள்ள தேசியப் பால் ஆராய்ச்சி நிலையத்தில் 2009-ல் இப்படியே எருமைக் கன்று உண்டாக்கினார்கள். முதல் கன்று சில நாளில் செத்தது. பிறகு ஜூன் மாதத்தில் பிறந்த கரிமா பிழைத்தது. மடிச் செல்லுக்குள் கொம்பும் குளம்பும் கண்ணும் குடலும் செய்யும் குறிப்பு இல்லாமற் போயிருந்தால் டாலி எங்கிருந்து வந்திருக்கும்?

அப்படியானால் மடி ஏன் கொம்பாக முளைப்பதில்லை? திமிலில் ஏன் பால் சுரப்பதில்லை? குறிப்பு இருக்கிறது, ஆனால் அங்கே அது வாய் திறக்காதபடி அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

கீழ்பவானி வாய்க்கால் பாசனம் செய்யும் தோழர்களுக்கு இது சீக்கிரம் விளங்கும். ஒரே வாய்க்கால், ஒரே தண்ணீர். ஒற்றைப்படை மதகு திறந்திருக்கும்போது இரட்டைப்படை மதகு மூடியிருக்கும். மூடுவதற்கு ஆள் இல்லாமல் எல்லா மதகும் ஒரே காலத்தில் திறந்து கிடந்தால் பாசனம் நடக்குமா? மேல்மடை மூழ்கும், கடைமடை காயும். நெல் ஓரிடத்தில், கடலை ஓரிடத்தில் என்று விளைவதற்குத் திறக்கிற கை எவ்வளவு அவசியமோ, மூடுகிற கையும் அவ்வளவு அவசியம். உடம்பு விளைவதும் அப்படித்தான். கருவில் ஒரு செல் பலவாகப் பெருகும்போது, ஒவ்வொரு இடத்திலும் எந்தெந்த ஜீன் பேசக் கூடாது என்று அடைத்துக்கொண்டே போவதால்தான் எலும்பு எலும்பாகவும், சதை சதையாகவும் பிரிகிறது.

அடைப்பது யார் என்று கேட்பீர்கள். ஆண்டவன் என்று சொல்லி முடித்துவிட்டால் எனக்கும் வேலை சுலபமாகப் போயிருக்கும். இழையின் நீளத்தில் ஜீன்களாக உள்ள எழுத்து நூற்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான். மற்ற இடமெல்லாம் வெறும் பொட்டல் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். பொட்டலுக்குள்தான் மதகுகள் இருக்கின்றன என்பது பிற்பாடு தெரிந்தது. ஜீனைத் தூண்டிவிடும் துண்டுகளும் அங்கே உண்டு. அடக்கும் துண்டுகளும் உண்டு. அடக்கும் துண்டுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் சைலென்சர். புல்லட் வண்டியில் சத்தத்தை அடக்குகிறதே, அதே பெயர்தான். அந்தத் துண்டில் உள்ள எழுத்து வரிசையை அடையாளம் கண்டு ஒரு புரதம் வந்து உட்காரும். அது உட்கார்ந்தால் பக்கத்தில் உள்ள ஜீன் வாயடைத்துப் போகும். சில இடங்களில் எழுத்தின்மேலேயே மீதைல் என்ற சிறிய இரசாயனக் குறி விழும். சில இடங்களில் இழை இறுகச் சுற்றிக்கொள்ளும். நெசவுக்காரத் தோழர்களுக்குத் தெரியும்: கண்டில் இறுகச் சுற்றிய நூலின் உள் இழையை எடுத்துப் பார்க்க முடியுமா? அதுபோல, சுற்றிக்கொண்ட இடத்திலுள்ள ஜீனைப் படிக்க முடியாது.

இதை உங்கள் கட்டுத்தறியிலேயே பார்க்கலாம் என்று சொன்னேன். காங்கயம் கன்று பிறக்கும்போது என்ன நிறம்? செவலை. ஆறு மாதம் ஆவதற்குள் சிவப்புப் போய்ச் சாம்பல் ஏறி மயிலையாகிறது. காளையாக வளர்ந்தால் தலையும் கழுத்தும் திமிலும் தொடையும் கருத்து நிற்கிறது. அதே காளையைக் காயடித்து எருதாக்கினால் கருமை இறங்கி வெளுத்துவிடுகிறது. ஒரே மாடு, ஒரே ரத்தம், ஒரே எழுத்து. எழுத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. சிவப்புச் சரக்குச் செய்யும் வேலை வயதோடு அடங்குகிறது. கறுப்புச் சரக்குச் செய்யும் வேலை விதையிலிருந்து ஊறும் ஆண் சத்தின் தூண்டுதலால் எழும்புகிறது. விதை போனால் மறுபடியும் அடங்குகிறது. இதை நம் பாட்டன்மார்கள் கண்ணால் பார்த்துத்தான் இருந்தார்கள். பார்த்ததிலிருந்து காரணம் தேடுவதை விட்டுவிட்டுச் சுழியில் கை வைத்தார்கள்.

ஆந்திரா நாட்டு ஓங்கோல் மாடு கப்பல் ஏறி பிரேசில் தேசம் போய், அங்கே நெல்லூர் என்ற பெயரில் கோடிக்கணக்கில் பெருகியிருக்கிறது. அந்த மாட்டில் சில கருத்தும் சில வெளுத்தும் இருப்பதன் காரணத்தை ஆராய்ந்து 2021-ல் எழுதியிருக்கிறார்கள். அகௌட்டி என்ற ஜீனின் பக்கத்தில் ஒரு துண்டு எழுத்து விடுபட்டுப் போனது அதற்கு ஒரு காரணம் என்று கண்டிருக்கிறார்கள். அந்த ஜீனின் வேலை கறுப்புச் சரக்கைத் தடுப்பது. தடுக்கிற கையின் பலம் மாறினால் மாட்டின் நிறம் மாறுகிறது.

இனி, இந்த அடக்கும் துண்டைப்பற்றிய மிகத் தெளிவான கதைக்கு வருகிறேன். அது மாட்டின் கதையல்ல, பன்றியின் கதை. பன்றி என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளலாம். நம் பக்கத்திலேயே வெண்பன்றிப் பண்ணை வைத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்பு யாருடைய உழைப்புக்கும் இளைத்ததல்ல.

ஐரோப்பாவில் காட்டுப் பன்றியையும் வீட்டுப் பன்றியையும் இணைத்துக் குட்டி போட வைத்துப் பார்த்தார்கள். சில குட்டிகளுக்குச் சதை அதிகம், முதுகுக் கொழுப்புக் குறைவு. காரணம் எங்கே என்று பல வருஷம் தேடினார்கள். சுவீடன் தேசத்து உப்சாலாவில் லீப் ஆண்டர்சனும், பெல்ஜியத்து லியேஷில் மிஷேல் ஜார்ஜும் அவர்களுடைய கூட்டத்தாரும் 2003-ல் அதைப் பிடித்தார்கள். ஐ.ஜி.எப்.2 என்று ஒரு ஜீன். உடம்பை வளர்க்கும் சத்தைச் செய்வது. அதன் நடுவே, புரதத்துக்குச் சம்பந்தமில்லாத ஓர் இடைத்துண்டில், 3072-ஆம் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. 270 கோடியை ஒத்த எழுத்துக்களில் ஒன்று! அந்த எழுத்து மாறிய பன்றியில், பிறந்த பிறகு சதையில் அந்த ஜீனின் பேச்சு மூன்று மடங்காகிவிட்டது. ஈரலில் மாறவில்லை. கருவிலிருக்கும் குட்டியின் சதையிலும் மாறவில்லை. அந்த மதகு, பிறந்த பிறகு சதைக்கு மட்டும் உள்ள மதகு.

மாறிய எழுத்து ஜீனைத் தூண்டிவிடுகிறதா, அல்லது அடக்குகிறவனைத் துரத்துகிறதா? இதற்கு விடை 2009-ல் கிடைத்தது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்து ஜீனை அடக்கும் புரதத்தையே பிடித்துவிட்டார்கள். அதற்கு இசட்-பெட் 6 என்று பெயர் வைத்தார்கள். ஓர் எழுத்து மாறியதால் அதற்கு உட்காரப் பலகை இல்லாமற் போய்விட்டது. உட்காராததால் அடக்கவில்லை, அடக்காததால் சதை வளர்ந்தது. இது வந்த சமயத்தில் எந்தக் கிரகம் எந்த வீட்டில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. எழுத்தைப் படித்தார்கள், புரதத்தைத் தேடினார்கள், கண்டார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. அந்த ஐ.ஜி.எப்.2 ஜீனில், தாயிடமிருந்து வந்த படி வாயைத் திறப்பதே இல்லை. தகப்பனிடமிருந்து வந்த படி மட்டும் பேசுகிறது. ஆகவே பன்றிக்காரர் பெட்டைப் பன்றியில் அந்த நல்ல எழுத்தை எவ்வளவு தேடி வாங்கினாலும், அதன் குட்டிகளுக்கு அதனால் சதை ஏறாது. கடுவன் பன்றியில் இருந்தால் ஏறும். இதைக் கேட்டதும், "பார்த்தீர்களா, ஆணுக்குத்தான் பெருமை" என்று யாராவது எழுந்திருக்க வேண்டாம். தாயின் படி பேசி, தகப்பனின் படி ஊமையாகக் கிடக்கும் ஜீன்களும் உண்டு. ஐ.ஜி.எப்.2 செய்யும் சத்தை அளவுக்கு மேல் போகாமல் வாரி எடுக்கும் இன்னொரு ஜீன் அப்படிப்பட்டது. செம்மறியின் கருவைப் பாத்திரத்தில் வைத்து வளர்த்து வயிற்றில் வைக்கும்போது, வைத்திருந்த திரவத்தின் காரணமாகவே அந்த ஜீனின் மீதைல் குறி கெட்டுப்போய், குட்டி அளவுக்கு மீறிப் பெருத்துவிடுவதை 2001-ல் எடுத்துக் காட்டினார்கள். எழுத்து மாறவில்லை, வளர்ந்த இடம் மாறியது, உடம்பு மாறியது.

அமெரிக்காவில் ஒக்லஹோமா மாகாணத்தில் 1983-ல் ஒரு செம்மறிக் கிடா பிறந்தது. சாலிட் கோல்டு என்று பெயர் வைத்தார்கள். பின்தொடை மட்டும் பயில்வான் தொடைபோல் திரண்டு நின்றது. அதன் வமிசத்தை ஆராய்ந்தபோது எல்லாக் கணக்கும் தலைகீழாக இருந்தது. அந்தக் குறி தகப்பனிடமிருந்து மட்டும் வந்தால் தொடை திரளும். தாயிடமிருந்து மட்டும் வந்தால் திரளாது. இரண்டு பக்கமிருந்தும் வந்தாலும் திரளாது! நம்மவர்களாயிருந்தால் இதற்கு ஒரு புராணமே எழுதியிருப்பார்கள். அவர்கள் விடாமல் பார்த்து 2002-ல் கண்டது: இரண்டு ஜீன்களுக்கு நடுவே உள்ள பொட்டலில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. பிறந்த பிறகு அடங்க வேண்டிய ஜீன் அதனால் அடங்காமல், பின்தொடையில் பேசிக்கொண்டே இருக்கிறது. குட்டி பிறக்கும்போது சாதாரணமாகவே இருக்கும். சில வாரம் சென்றுதான் தொடை புடைக்கும். அடக்குகிற வேலை ஒவ்வொன்றுக்கும் ஓர் இடமும் ஒரு காலமும் இருக்கிறதென்பதற்கு இதைவிடப் பிரத்தியட்ச ஆதாரம் வேண்டியதில்லை. சதை பெருத்ததே ஒழிய, கறி கடிக்க முடியாதபடி கடினமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதிலும் லாபம் மட்டுமே வரும் என்று நான் சொல்ல வரவில்லை. பெல்ஜியம் தேசத்து நீல மாட்டில் சதையை அளவோடு நிறுத்தும் மயோஸ்டாட்டின் என்ற ஜீனே உடைந்துபோயிருக்கிறது என்று 1997-ல் கண்டார்கள். பதினோரு எழுத்து விடுபட்டிருக்கிறது. சதை மலைபோல். ஆனால் பெரும்பாலும் வயிற்றைக் கிழித்துத்தான் கன்றை எடுக்க வேண்டியிருக்கிறது. அடங்க வேண்டியது அடங்காவிட்டால் வரும் கஷ்டத்துக்குப் பசுதான் விலை கொடுக்கிறது.

இப்போது சுழிக்குத் திரும்புவோம். சுழி என்பது என்ன? கன்று தாயின் வயிற்றில் இருக்கும்போதே தோலில் மயிர்க்கால்கள் உண்டாகின்றன. ஒவ்வொரு மயிர்க்காலும் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதைப் பக்கத்துச் செல்கள் ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொள்ளுகின்றன. ஒரு பக்கத்திலிருந்து சாய்ந்துவரும் மயிரும் இன்னொரு பக்கத்திலிருந்து சாய்ந்துவரும் மயிரும் சந்திக்கும் இடத்தில், நொய்யலில் வெள்ளம் வரும்போது இரண்டு ஓட்டம் மோதி நீர் சுழிக்கிறதே, அதுபோல மயிர் சுழிக்கிறது. இந்தச் சாய்வுக்குச் சம்பந்தப்பட்ட ஃபிரிஸில்டு 6 என்ற ஜீன் ஒன்றைச் சுண்டெலியில் நீக்கிப் பார்த்தபோது, சாதாரணமாகச் சுழியே இல்லாத பாதத்தில் சுழி வந்தது. இது 2004-ல் வெளியாயிற்று. அந்த எலிகளை வளர்த்த அறிஞர்களில் ஒருவரும் விலங்குச் சுழியின் பலனாக ஜெயிலுக்குப் போனதாகத் தகவல் இல்லை.

இதில் நம்மை எதிர்ப்பவர்கள் சொல்லக்கூடிய ஓர் ஆதாரத்தையும் நானே எடுத்து வைத்துவிடுகிறேன்; மறைத்து வைப்பது யோக்கியமல்ல. அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற அம்மையாரும் அவர்களோடு இருந்தவர்களும் 1995-ல் ஓர் ஆராய்ச்சி எழுதினார்கள். நெற்றிச் சுழி கண் மட்டத்துக்கு மேலே இருக்கும் மாடுகள், கூண்டில் அடைக்கும்போது மற்றவைகளைவிட அதிகமாக மிரளுகின்றன என்று கண்டார்கள். "பார், சுழியில் விஷயம் இருக்கிறது!" என்று துள்ள வேண்டாம். தோலும் மூளையும் கருவில் ஒரே மேற்படலத்திலிருந்து பிரிந்து வளருகிறவை. ஆகவே ஒன்றின் அடையாளம் இன்னொன்றில் கொஞ்சம் தெரிந்தால் அது ஆராய வேண்டிய சங்கதிதான். ஆனால் அது சொல்லுவது என்ன? மாட்டின் மிரட்சியைப்பற்றி. மாட்டுக்காரன் வீட்டுச் சாவைப்பற்றி அல்ல, அவன் மகள் கல்யாணத்தைப்பற்றி அல்ல. மாட்டின் தோலில் மாட்டின் சங்கதி எழுதியிருக்கலாம். உன் சங்கதியை அங்கே யார் எழுதினார்கள்?

பிறவி பிறவி என்று மனிதனிடத்திலும் பேசுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொம்புச் செல்லும் குளம்புச் செல்லும் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டிருக்கின்றன. தலையில் பிறந்தது காலில் பிறந்தது என்று உடம்பைக் காட்டி உயர்வு தாழ்வு சொன்னவர்கள், தலையிலும் காலிலும் ஒரே எழுத்துத்தான் இருக்கிறதென்பதை அறியாமல் சொன்னார்கள். இதற்கு மேல் அந்த விஷயத்தை இன்று நான் வளர்க்கவில்லை. இது மாட்டுக் கூட்டம்.

அப்படியானால் மாடு வாங்கும்போது எதைப் பார்ப்பது? தாயைப் பாருங்கள், தகப்பன் காளையைப் பாருங்கள், அதன் உடன்பிறந்தவை எப்படி வேலை செய்கின்றன, எத்தனை ஈத்து ஈன்றன என்று விசாரியுங்கள். தாய் சினையாயிருந்தபோது கொழுக்கட்டைப் புல்லும் வேலங்காயும் தின்று கொறங்காட்டில் மேய்ந்ததா, வறட்சியில் எலும்பாக நின்றதா என்று கேளுங்கள். காளைக்கு வயசுக்குத் தக்க கருமை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்; அது விதையின் சங்கதியைச் சொல்லுகிறது. டிராக்டரும் மோட்டாரும் வந்தபிறகு காங்கயம் மாட்டை வைத்திருப்பவர்களே குறைந்துபோனார்கள். மிஞ்சியிருக்கிற நல்ல கிடாரிகளிலும், துடைப்பச் சுழி என்று ஒன்றையும் விலங்குச் சுழி என்று ஒன்றையும் அடிமாட்டு லாரிக்கு ஏற்றிவிட்டால், அவற்றோடு போகிற எழுத்தைத் திரும்ப எந்தச் சந்தையில் வாங்குவீர்கள்? மேயாமல் கொழுக்க, பஞ்சத்தில் தாங்க, கல்லாங்குத்தில் நடக்க எத்தனை தலைமுறையில் சேர்ந்த எழுத்து அது!

கடைசியாக, வெள்ளாடு வளர்க்கும் தாய்மார்களுக்கு ஒரு சங்கதி. ஆட்டு வரும்படி பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. கொம்பில்லாத மோழை ஆடு முட்டாது, கட்டுவது சுலபம் என்று சிலர் விரும்பி வளர்ப்பதுண்டு. ஐரோப்பாவில் சானன் முதலிய வெள்ளாட்டினங்களில் மோழைக் கிடாவையும் மோழைப் பெட்டையையும் சேர்த்தால், பிறக்கும் பெட்டைக் குட்டிகளில் சில ஆணுமில்லாமல் பெண்ணுமில்லாமல் மலடாகப் போவதைப் பார்த்தார்கள். இந்த ஊரில் என்றால் கண்ணேறு என்பார்கள்; குலதெய்வத்துக்குக் குறை வைத்தது என்பார்கள்; கடைசியில் வீட்டுக்கு வந்த மருமகள் ராசி என்று அந்தப் பெண்ணின் தலையில் போடுவார்கள். 2001-ல் பிரெஞ்சு தேசத்தார் கண்ட காரணம், ஜீன் அல்லாத இடத்தில் ஒரு துண்டு விடுபட்டுப் போயிருப்பதுதான். அந்தத் துண்டு ஃபாக்ஸ்-எல் 2 என்ற ஜீனைத் தொலைவிலிருந்து ஆளுகிறது. அது கெட்டால் கருப்பையை அடுத்த முட்டைப்பையில் பேச வேண்டிய ஜீன் ஊமையாகிறது. கொம்பு முளைக்கும் இடத்தில் ஊமையாயிருக்க வேண்டிய ஜீன் பேசுகிறது. கொம்பும் போகிறது, பெண் தன்மையும் போகிறது. ஒரு படி கெட்டால் கொம்பு மட்டும் போகும். இரண்டு படியும் கெட்டால்தான் பெட்டைக்கு இந்தக் கதி.

ஆகவே மோழைப் பெட்டைக்குக் கொம்புள்ள கிடாவை விடுங்கள். மோழைக் கிடா வைத்திருந்தால் கொம்புள்ள பெட்டைக்கு விடுங்கள். செம்மறிக்கு இந்தப் பயம் வேண்டாம். மேச்சேரி ஆட்டில் கிடாவும் மோழை, பெட்டையும் மோழை, பட்டி நிறையக் குட்டி போடுகிறது. வெள்ளாட்டில் எந்தக் கிடாவுக்கு எந்தப் பெட்டை விட்டோம், என்ன குட்டி பிறந்தது, கொம்பு இருந்ததா இல்லையா என்று பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதிவையுங்கள். இரண்டு வருஷத்து நோட்டுப் புத்தகம் பத்து வாகடச் சுவடிக்கு மேல் உங்களுக்குச் சொல்லும்.

நேரமாகிவிட்டது, பால் கறக்கப் போகவேண்டியவர்கள் இருக்கிறார்கள். சுழி பார்க்கும் பெரியவர் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு என் வணக்கம். அவர் கேட்க நினைக்கும் கேள்வியை முதலில் கேட்கட்டும். மற்றவர்கள் பிறகு கேளுங்கள்.